கிணற்றடிச் செவ்வரத்தை ஏன் பூக்கவில்லை?
கிளிநொச்சி, வட்டக்கச்சி வளவு ஒன்றில் குளிர்நாட்டுச் செவ்வரத்தையை விதையிலிருந்து வளர்த்த நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் 18ஆம் திகதி காலை ஆறரை மணிக்கு எங்கள் விறாந்தை ஓரத்துச் சாடியில் ஒரு பூ விரிந்திருந்தது. அளவுநாடாவை எடுத்து வந்து பிடித்துப் பார்த்தேன். குறுக்கே 17 சென்ரிமீற்றர். அம்மா சாப்பிடும் தட்டில் முக்கால்வாசி அகலம். வெளிர் ரோசா நிறம், நடுவில் கடும் சிவப்புக் கண்.

அந்தச் சாடிச் செடி எங்களிடம் இருந்தவற்றில் நோஞ்சான். இரண்டரை அடி உயரம், மெலிந்த இரண்டு தண்டு, இலையெல்லாம் மஞ்சள் பாய்ந்திருந்தது. அதே பைக்கற்று விதையில் அதே நாளில் முளைத்த நான்கு செடிகள் கிணற்றடியில் என் தோளுக்கு மேல் தழைத்து நின்றன. எரு, தண்ணீர், வெயில் எதிலும் அவற்றுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு மொட்டுக்கூட இல்லை. இது ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு மேலும் மூன்று மாதம் பிடித்தது. வெளிநாட்டு உறவினர் மூலம் இந்த விதையைப் பெற்று வன்னியில் ஊன்றும் எல்லோரும் இதே இடத்தில்தான் முட்டி நிற்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

இது எந்தச் செவ்வரத்தை?

எங்கள் வேலியோரத்தில் நிற்கும் செவ்வரத்தை பச்சை மாறாத புதர். தடி வெட்டி ஊன்றினால் வந்துவிடும். விதையைப் பற்றி நாங்கள் யோசிப்பதே இல்லை. நான் வளர்த்தது அதன் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். தாவரவியலில் ஹிபிஸ்கஸ் மொஸ்கியூட்டோஸ் என்று பெயர். வட அமெரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் சதுப்பு நிலங்களிலும் ஆற்றோரங்களிலும் தானாக வளர்வது. பனி விழத் தொடங்கியதும் தண்டு முழுவதும் பட்டுப்போகும். மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டை மட்டும் உயிரோடு கிடந்து, வசந்தம் முற்றியபிறகு, மற்றச் செடிகளெல்லாம் தளிர்த்து முடிந்த காலத்தில் ஆறுதலாக முளைவிடும். இரண்டு மூன்று மாதத்தில் ஆள் உயரம் வந்து, கோடையில் பூத்துத் தள்ளும். குளிரைத் தாங்கும் என்பதால் குளிர்நாட்டுச் செவ்வரத்தை என்று சொல்கிறேன். வெண்டி, பருத்தி, பூவரசு, துத்தி எல்லாம் இதன் குடும்பம்தான். இந்த உறவு பின்னால் இரண்டு இடத்தில் எனக்கு உதவியது.

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள் வீட்டு முற்றத்தில் இது நிற்பதைப் படத்தில் பார்த்துத்தான் ஆசை வந்தது. 2023இல் அவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது நாற்பது விதை கொண்டுவந்தார். ஒன்றை இங்கே சொல்லவேண்டும்: வெளிநாட்டு விதையைச் சும்மா பையில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முன்கூட்டியே இறக்குமதி அனுமதி எடுக்கவேண்டும், விதையோடு நோயற்றது என்ற சான்றிதழும் வரவேண்டும். நாங்கள் அதைச் செய்தோம். அலைச்சல்தான், ஆனால் எங்கள் தோட்டங்களில் வெண்டியும் பருத்தியும் நிற்கும்போது அந்தக் குடும்பத்துச் செடியோடு புது நோய் எதையும் கூட்டிவர யாருக்கும் உரிமை இல்லை.

முளைக்கவைத்த கதை

முதல் தடவை நான் செய்தது பிழை. 2023 நவம்பரில், மாரி தொடங்கிய கையோடு, பத்து விதையை வளவு மண் நிரப்பிய தட்டில் அப்படியே ஊன்றித் தாழ்வாரத்தின்கீழ் வைத்தேன். செவ்வரத்தை மழைக்குத் தழைக்கும் என்ற நினைப்பு. ஒன்றே ஒன்று முளைத்தது. ஐந்தாம் நாள் அதுவும் மண்மட்டத்தில் கழுத்துக் கறுத்து, நூல்போல மெலிந்து சரிந்தது. கத்தரி, மிளகாய் நாற்றுமேடையில் நாங்கள் பார்க்கும் அதே நாற்றழுகல். மிச்ச ஒன்பதையும் தோண்டிப் பார்த்தேன். ஊன்றியபோது இருந்ததுபோலவே கல்லாகக் கிடந்தன.

அதைப் பார்த்த அம்மா, "வெண்டி விதையையே ஒரு ராத்திரி ஊறவைச்சுத்தானே போடுறனாங்கள், இதை ஏன் பிள்ளை சும்மா போட்டனி?" என்று கேட்டார். சரியான கேள்வி. இந்தக் குடும்பத்து விதைகளின் தோல் தண்ணீர் புகாமல் இறுகிக் கிடக்கும். காட்டில் அது நல்லது. எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்து ஒரே வெயிலில் சாகாமல், ஆண்டுகள் கடந்து கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும். வீட்டுத் தோட்டத்தில் எங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

தைப்பொங்கல் கழிந்து, ஜனவரி 20ஆம் திகதி மிச்சம் முப்பதையும் மூன்றாகப் பிரித்தேன். பத்தை அப்படியே ஊன்றினேன். பத்தைச் சுடுதண்ணிப் போத்தலில் கை பொறுக்கும் சூட்டில் இரவு முழுவதும் ஊறவைத்தேன். மூன்றாவது பத்தைத் தோல் தேய்த்து, பிறகு ஊறவைத்தேன்.

தேய்ப்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முழு வேலையும் அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது. விதை மிளகைவிடச் சிறியது, மண்ணிறம். ஒரு பக்கத்தில் மெல்லிய குழிவு தெரியும். முளைவேர் வெளிவருவது அந்தப் பக்கத்தால், அங்கே கைவைக்கக் கூடாது. குழிவை விரல்நுனிப் பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தைத் தச்சர்கள் மரத்தில் போடும் அரத்தாளில் நாலைந்து முறை இழுத்தேன். மண்ணிறம் முதலில் வெளிறும். இன்னும் ஒரு இழுவை. ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும். அங்கேயே நிறுத்திவிடவேண்டும். அதற்குமேல் போனால் பருப்பு காயப்பட்டு அழுகிவிடும். நகவெட்டியாலும் நறுக்கிப் பார்த்தேன், ஆனால் விதை தெறித்து ஓடுகிறது. வயது போனவர்களுக்கு அரத்தாள்தான் வசதி. தேய்த்த விதையை இரவு தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு பருத்திருக்கும். தேய்க்காமல் ஊறவைத்தவற்றில் சிலதான் பருத்தன, மற்றவை போட்டபடியே கிடந்தன.

யோகட் கோப்பைகளின் அடியில் துளையிட்டு, ஆற்றுமணலும் தும்புத்தூளும் சரிபாதியாகக் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, அரை அங்குல ஆழத்தில் ஊன்றினேன். இந்த விதைக்கு மண் இளஞ்சூடாக, 25 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் நல்லது. தை மாத விடியற்காலையில் எங்கள் பக்கம் அதைவிடக் குளிரும் என்பதால் கோப்பைகளைக் குசினியில் அடுப்புக்கட்டுக்கு மேலே வைத்தேன். தேய்த்த விதையில் முதலாவது ஐந்தாம் நாள் தலைகாட்டியது. மூன்று வாரம் முடிய, தேய்த்து ஊறவைத்ததில் எட்டும், ஊறவைத்ததில் மட்டும் நான்கும், சும்மா ஊன்றியதில் இரண்டும் முளைத்திருந்தன. பத்துப் பத்து விதை வைத்துப் பெரிய முடிவு சொல்ல முடியாது, ஆனால் எனக்கு இது போதும். இனி ஒரு விதையையும் தேய்க்காமல் ஊன்றமாட்டேன்.

பதினான்கில் ஒன்பதுதான் தேறின. இரண்டு நாற்றழுகலில் போனது. மூன்றை ஒரு காலையில் மயில் கொத்தியது. வன்னியில் நாற்றை முற்றத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் இதுதான் நடக்கும். பழைய நுளம்புவலை ஒன்றை மேலே போட்டபிறகு தொல்லை இல்லை.

ஒன்பது செடி, மூன்று இடம்

மார்ச்சில் நாற்றுப்பைக்கு மாற்றி, ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரம் நட்டேன்.

கிணற்றடியில் நான்கு. குளிக்கும் தண்ணீர் ஓடி வாழைப்பாத்திக்குப் போகும் வாய்க்காலின் கரை அது. செடியின் பிறந்த வீடு சதுப்பு நிலம் என்பதால், கோடையிலும் ஈரம் காயாத இடம் எங்கள் வளவில் எது என்று பார்த்து அதைத் தெரிந்தெடுத்தேன். மண் செம்மண், பழைய மாட்டெருவும் வாழைச் சருகும் போட்டேன்.

படலையடியில் மூன்று. அது கிறவல் போட்டு இறுக்கிய இடம். ஜூனில் சோளகம் ஊதத் தொடங்கியதும் இரண்டு வாரத்தில் இரண்டு கருகிப்போனது. உள்ளங்கையை விரித்தாற்போன்ற இலை. அந்தக் காய்ந்த காற்றில் நாள் முழுவதும் அடிபட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் தாங்காது. மூன்றாவதை ஆடு கடித்தது. படலையடிக் கதை அவ்வளவுதான்.

சாடியில் இரண்டு. ஒன்றை முன் விறாந்தை ஓரத்திலும் மற்றதைக் குசினிக்குப் பின்பக்கமும் வைத்தேன். சாடிச் செடிகளுக்குக் கிணற்றுத் தண்ணீரே ஊற்றியதால் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. எங்கள் கிணற்றில் சுண்ணாம்பு அதிகம், கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். இந்தச் செடிக்கு இலேசான புளிப்பு மண் பிடிக்கும். சாடியின் கொஞ்ச மண்ணில் சுண்ணாம்பு சேரச்சேர, மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாமல் போகிறது. வாழைச்சருகு மக்கிய கிணற்றடியில் இந்தத் தொல்லை வரவில்லை.

ஆக, மே மாதக் கடைசியில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் கிணற்றடிச் செடிகள் முதலில் பூக்கும் என்று சத்தியம் செய்திருப்பேன்.

சந்தேகப்பட்டவை

விறாந்தைச் சாடி பூத்தபின் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். எல்லாமே அனுபவத்தில் வந்த காரணங்கள், ஒன்றையும் தள்ளிவிட முடியாது.

அம்மா சொன்னது எரு. "கொழுத்துப்போச்சு பிள்ளை. முருங்கையும் இப்பிடித்தான், தண்ணியும் எருவும் கூடினால் இலையைத் தள்ளும், பூக்காது." ஜூன் கடைசியிலிருந்து ஐந்து வாரம் கிணற்றடிச் செடிகளுக்கு எரு நிறுத்தினேன். வாய்க்காலையும் கொஞ்சம் திருப்பிவிட்டேன். இலை சிறுத்தது, மத்தியானத்தில் வாடியது. மொட்டு வரவில்லை.

பக்கத்து வளவு அண்ணை சொன்னது கவாத்து. ஒரு செடியின் நுனியைக் கிள்ளினேன். நான்கு கிளை விட்டது. நான்கிலும் இலை.

மச்சாள் தொலைபேசியில் சொன்னது குளிர். "அதுக்கு ஒருக்கா நல்லாக் குளிர்ந்தால்தான் பூக்கும் போல. இங்க ஒவ்வொரு வருசமும் பனிக்குள்ளதானே கிடக்குது." நியாயமாகப் பட்டது. ஆனால் விறாந்தைச் செடி எந்தக் குளிரைக் கண்டது? வட்டக்கச்சியில் அதற்கு எங்கே பனி?

என் சொந்தச் சந்தேகம் சாடி. வேர் நெருக்குப்பட்டால் சில செடி சீக்கிரம் பூக்கும். அதை நான் கொஞ்சநாள் உறுதியாக நம்பினேன். பிறகுதான் குசினிக்குப் பின்னால் இருந்த மற்றச் சாடியைப் போய்ப் பார்த்தேன். அதே அளவு சாடி, அதே கலவை, அதே மஞ்சள் இலை. மொட்டு இல்லை. சாடிதான் காரணம் என்றால் இதுவும் பூத்திருக்கவேண்டும்.

அக்காவின் மகள் அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படிக்கிறாள். ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை வந்து நின்றாள். இரவு ஒன்பது மணிபோல விறாந்தைப் படியில் இருந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். செடியின் நிழல் சுவரில் இலை இலையாக விழுந்திருந்தது.

"சித்தி, இந்த லைற் எத்தனை மணி மட்டும் எரியும்?"

தம்பி வேலை முடிந்து வர இரவு பதினொரு மணியாகும். அவன் படலை திறக்க வெளிச்சம் வேண்டும் என்று அம்மா ஆறு மணிக்கே போட்டுவிடுவார். ஒன்பது வாற்று பல்ப். செடியிலிருந்து ஒரு முழ உயரத்தில், சுவரில். ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு இரவும்.

குசினிக்குப் பின்பக்கம் பல்ப் இல்லை. கிணற்றடியிலும் இல்லை.

பகலின் நீளம்

அவள் எனக்கு விளங்கப்படுத்தியதை என் வார்த்தையில் சொல்கிறேன். சில செடிகள் எப்போது பூப்பது என்பதைப் பகல் எவ்வளவு நீளம் என்று பார்த்துத் தீர்மானிக்கின்றன. உண்மையில் அவை அளப்பது இருட்டின் நீளத்தை; இலையில் இருக்கும் ஒரு நிறப்பொருள் அந்தக் கணக்கை வைத்திருக்கிறது. இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு புகையிலைச் செடி. புகையிலை போட்டு வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு இது பிடிக்கும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் மேரிலண்ட் மமத் என்று ஒரு புகையிலை இனம், கோடை முழுவதும் வெளியில் பூக்காமல் உயரமாக வளர்ந்துகொண்டே போனது. அதையே பனிக்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் வைத்தால் குட்டையாக நிற்கும்போதே பூத்தது. கார்னர், அலார்ட் என்ற இருவர் கோடையில் செடிகளைத் தினமும் நேரத்துக்கே இருட்டறைக்குள் வைத்துப் பகலைச் சுருக்கிப் பார்த்தார்கள், பூத்தது. 1920இல் அதை எழுதி வெளியிட்டார்கள். அந்தப் புகையிலைக்குக் குறும்பகல் வேண்டும். செவ்வந்தியும் அப்படித்தான்.

குளிர்நாட்டுச் செவ்வரத்தை இதற்கு மறுதலை. அதற்கு நெடும்பகல் வேண்டும். அமெரிக்காவில் செய்த பரிசோதனைகளில், பகல் 12 மணித்தியாலம் மட்டும் கிடைத்த செடிகள் இலைவிட்டுக்கொண்டு நின்றன. 14 மணித்தியாலமும் அதற்கு மேலும் கிடைத்தவை பூத்தன. குளிர் கட்டாயமில்லை. விதை போட்ட அதே ஆண்டில், ஒரு பனிக்காலமும் காணாமல் இது பூக்கும் என்பது அங்கே விதை விற்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விடயம்.

சரி, எங்களுக்குப் பகல் எவ்வளவு? கிளிநொச்சி வட அகலக்கோடு ஒன்பதரைப் பாகைக்கு அருகில் இருக்கிறது. ஆண்டிலேயே நீளமான பகல் ஜூன் 21 அளவில் வரும், ஏறக்குறைய 12 மணி 40 நிமிடம். டிசம்பரில் மிகக் குறைந்தது 11 மணி 35 நிமிடம். ஆண்டு முழுவதும் ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குள்தான் எங்கள் பகல் கூடிக் குறைகிறது. ரொறன்ரோவில் ஜூன் மாதம் பகல் 15 மணியைத் தாண்டி இருபத்தைந்து நிமிடம் போகும். மச்சாள் வீட்டுச் செடிக்கு இரவு ஒன்பது மணிக்குச் சூரியன் மறைகிறது. எங்கள் கிணற்றடிச் செடிக்கு ஆறரைக்கே இருண்டுவிடுகிறது. எரு போட்டாலும் நிறுத்தினாலும் வட்டக்கச்சியில் 14 மணித்தியாலப் பகல் ஒருநாளும் வராது.

எங்கள் வேலிச் செவ்வரத்தைக்கு இந்தத் தேவை இல்லை. அதனால்தான் அது தையிலும் ஆடியிலும் ஒரேமாதிரிப் பூத்துக்கொண்டிருக்கிறது. செவ்வரத்தை என்ற பெயரைக் கேட்டு இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என் முதல் பிழை.

விளக்குப் போட்டுப் பார்த்தது

கேட்டதும் நம்பிவிட்டேன், ஆனால் பார்க்காமல் எழுத மனமில்லை. ஜூலை 29ஆம் திகதி கிணற்றடியில் காட்டுத்தடி இரண்டு நட்டு, முதல் இரண்டு செடிக்கும் மேலே மூன்றடி உயரத்தில் மஞ்சள் ஒளி தரும் ஒன்பது வாற்று எல்.ஈ.டி. பல்ப் ஒவ்வொன்று தொங்கவிட்டோம். மற்ற இரண்டு செடி பத்தடி தள்ளி நின்றன. வெளிச்சம் படாமல் நடுவில் தறப்பாள் கட்டினேன். நான்குக்கும் ஒரே எரு, ஒரே தண்ணீர். தினமும் மாலை ஆறு மணிக்குப் போட்டு இரவு பத்தரைக்கு நிறுத்தினோம். கரண்ட் போன மூன்று இரவு தவறியது.

கிணற்றடியில் மின்சாரம் எடுப்பது விளையாட்டில்லை. ஈரமான காலோடு ஆட்கள் நடமாடும் இடம். தண்ணீர் புகாத ஹோல்டர், நிலத்தில் இழுபடாத வயர், மின் கசிந்தால் தானாக நிற்கும், வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்த ட்ரிப் சுவிச், இவை மூன்றும் இல்லாமல் இதைச் செய்யவேண்டாம். முறையாகத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுத்தான் நாங்கள் இணைத்தோம். செலவு குறைவு: ஒரு பல்ப் இரவில் நாலரை மணி எரிந்தால் மாதத்துக்கு ஒன்றேகால் யுனிற்றுக்கும் குறைவு. செடி வளர்வதற்கான வெளிச்சம் இல்லை இது. பகல் இன்னும் முடியவில்லை என்று செடிக்குக் காட்ட ஒரு சைகை, அவ்வளவே. அதனால்தான் சிறு பல்ப் போதுகிறது.

எதிர்பாராத வில்லங்கம் ஒன்று வந்தது. வெளிச்சத்துக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்குத் தேரை வந்தது. தேரை வந்த இடத்துக்குப் பாம்பு வரும் என்பதை வன்னியில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. செடியைச் சுற்றி ஆறடிக்குப் புல்லைச் செருக்கி வெளியாக்கினேன். இரவில் நிறுத்தப் போகிறவர் ரோச்சோடுதான் போகவேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டோம்.

ஆகஸ்ட் 31ஆம் திகதி, முப்பத்துமூன்றாம் நாள், வெளிச்சத்துச் செடி ஒன்றின் நுனி இலைக்கக்கத்தில் மிளகு அளவில் பச்சை உருண்டை தெரிந்தது. சுற்றிலும் நூல்போன்ற சிற்றிலைகள் விரலை மடக்கியதுபோல அதைப் பொத்தியிருந்தன. வெண்டி மொட்டைப் பார்த்த கண்ணுக்கு உடனே தெரியும். நான்கு நாளில் மற்ற வெளிச்சத்துச் செடியிலும் வந்தது. இருட்டுச் செடி இரண்டிலும் ஒவ்வொரு கக்கமாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

செப்ரெம்பர் 24ஆம் திகதி முதல் பூ. முதல்நாள் மாலை மொட்டு முறுக்கிய குடைபோல, நுனி ரோசா நிறம் காட்டி நின்றது. விடிய ஐந்தரைக்கு ரோச் அடித்துப் பார்த்தபோது முறுக்கு தளர்ந்திருந்தது. ஆறேகால் அளவில் இதழ் ஒன்றையொன்று விட்டு விலகி, ஏழு மணிக்கு முழுதாக விரிந்துவிட்டது. இதழ் தொட்டால் ரிஷு கடதாசி. நரம்பு நரம்பாக வெளிச்சம் ஊடுருவும். 21 சென்ரிமீற்றர். நடுத்தண்டின் நுனியில் ஐந்து சூல்முடி, அதற்குக் கீழே மகரந்தப் பொடி. எட்டு மணிக்குள் தேனீ வந்துவிட்டது. மாலை நான்கு மணிக்கு ஓரம் சுருளத் தொடங்கி, அடுத்தநாள் நனைந்த துணிபோலச் சுருண்டு விழுந்தது. ஒரு பூவுக்கு ஒருநாள்தான் ஆயுள். அம்மா அதைச் சாமிக்கு வைக்கக் கேட்டார். தட்டில் வேறு பூவுக்கு இடமில்லாமல் போனது.

நவம்பர் முடிய ஒரு செடியில் பதினொன்றும் மற்றதில் ஒன்பதும் பூத்தன. ஒக்ரோபர் நடுவில் மழை தொடங்கியபிறகு விரிந்தவை பாதி கிழிந்துதான் நின்றன. இருட்டுச் செடிகள் டிசம்பர்வரை பூக்கவில்லை. நான்கு செடியை வைத்துச் சொல்கிறேனே என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. அதனால் ஒக்ரோபர் 5ஆம் திகதி குசினிக்குப் பின்னால் இருந்த சாடியையும் தூக்கிவந்து பல்ப்பின்கீழ் வைத்தேன். மஞ்சள் இலையோடு, நோஞ்சானாகவே இருந்த செடி. ஐந்து வாரத்தில், நவம்பர் 9இல், மொட்டு வந்தது.

பூச்சியைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டும் மாவுப்பூச்சி ஜூலையில் வந்தது. சவர்க்காரத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொண்டேன், அடங்கியது. வெண்டிப் பாத்திக்குப் பக்கத்தில் இதை நடவேண்டாம். இரண்டுக்கும் பொதுவான பூச்சிகள் உண்டு. காய் முற்றும்போது பருத்தியில் வரும் அந்தச் சிவப்புப் பூச்சி கூட்டமாக வந்து விதையை உறிஞ்சும், மெல்லிய துணியில் காயைக் கட்டிவிடவேண்டும்.

இரண்டாம் ஆண்டு

டிசம்பர் 1ஆம் திகதி விளக்கை நிறுத்தினேன். வளர்ச்சி மெல்ல நின்றது, அடியிலைகள் உதிர்ந்தன. ஜனவரியில் நான்கையும் அரை அடி விட்டு வெட்டினேன். கட்டையிலிருந்து மூன்று வாரத்தில் சிவந்த முளை வந்தது. பூக்கும் காலத்தை இங்கே சூரியன் தீர்மானிப்பதில்லை, நாங்கள் சுவிச் போடும் நாள் தீர்மானிக்கிறது. மாரியில் பூக்கவைத்து மழையில் கிழியவிட இனி விருப்பமில்லை. 2025இல் பெப்ரவரி 10ஆம் திகதி விளக்குப் போட்டேன். புத்தாண்டுக்கு முதல் வாரம் பூத்தது. சோளகம் தொடங்குவதற்குள் பெரும்பகுதி பூத்து முடிந்தது. பழைய இருட்டுச் செடி இரண்டையும் மண்கட்டியோடு கிளப்பி வந்து பல்ப்பைச் சுற்றி நட்டதால் இப்போது நான்குக்கும் ஒரே விளக்குப் போதும். அவற்றில் ஒன்று வெள்ளைப் பூ என்பது அப்போதுதான் தெரிந்தது.

துணி கட்டி எடுத்த விதையில் இருபத்துநான்கைத் தேய்த்து ஊன்றினேன், பதினேழு முளைத்தது. பைக்கற்று விதை கலப்பினமாக இருந்தால் பிள்ளைச் செடி தாயின் நிறத்தில் பூக்காது, அதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். நாற்றுக் கேட்டு வருகிறவர்களிடம் மண் எப்படி, எரு இருக்கிறதா என்று நான் இப்போது கடைசியில்தான் கேட்கிறேன். போனமாதம் பக்கத்து வளவு அண்ணை வந்தார். இரவில் எங்கே லைற் எரியும் என்று கேட்டேன்.

"ஆட்டுக் கொட்டிலடியில விடிய விடிய எரியுது பிள்ளை, நரி வருமெண்டு."

மூன்று நாற்றுக் கொடுத்தேன். கொட்டிலின் வெளிப்பக்கம், ஆட்டுக்கு எட்டாத தூரத்தில், கம்பிவலை அடித்து நட்டிருக்கிறார். இந்த வாரம் போய்ப் பார்த்தேன், இரண்டு முழம் வந்துவிட்டது.